கொக்கும் முதலையும்: வவுணதீவில் ஒரு காலை

மட்டக்களப்பார் தம் நாட்டை இரண்டே சொற்களில் பகுத்து வைத்திருக்கின்றனர். ஞாயிறு எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அது படுகின்ற பக்கம் படுவான்கரை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் நீண்டு கிடக்கிறது வாவி. கடலோரமாகிய எழுவான்கரையில் பட்டினமும் கல்லூரிகளும் கச்சேரியும் சந்தையும் உள்ளன. படுவான்கரையிலோ வயல்வெளியும் மாட்டுப்பட்டியும் குளமும் காடும் பரந்திருக்கின்றன.

மட்டுநகரிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் நம்மை எதிர்கொள்ளும் ஊர் வவுணதீவு. படுவான்கரையின் வாயில் என்று இதனைச் சொல்லலாம். மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்திருப்பதும் இங்கேதான். போர் நடைபெற்ற காலத்தில், 2007ஆம் ஆண்டுவரை, வாவியே இரு தரப்பாருக்கும் எல்லைக்கோடாக இருந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்வோர் சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்றனர். கொக்குகளுக்கு மட்டும் அந்த வரிசை இல்லை. காலையில் மேற்கே வயலுக்குப் போவதும் மாலையில் கண்டல் மரங்களுக்குத் திரும்புவதுமாக, அவை தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு இவ்வூருக்குச் சென்றேன். பாடநூலில் ‘பறவைகள்’ என்ற பகுதி சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அப்பக்கங்களை மனனம் செய்து பரீட்சையில் நல்ல புள்ளி பெறும் மாணவன், கல்லூரி வாயிலில் நிற்கும் பறவையைக் கேட்டால் ‘ஏதோ குருவி’ என்கிறான். இந்தக் குறையைத் தீர்க்க ஒரு நாளாவது வெளியே செல்ல வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கொக்கின் நிறை என்ன?

பாலத்தைக் கடந்து இறங்கியபோது மணி ஆறேகால். பனி இன்னும் நீரின்மேல் கிடந்தது. பெரும்போக நெல் பச்சைப் பசேலென்று நின்றது. வயலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஆழமற்ற நீரில் இருபது முப்பது வெண்கொக்குகள் ஆளுக்கோர் இடம் பிடித்து அசையாமல் நின்றன.

“ஒரு கொக்கு எத்தனை கிலோ இருக்கும்?” என்று மாணவரைக் கேட்டேன்.

“மூன்று கிலோ, சேர்” என்றான் ஒருவன். “இரண்டு” என்றாள் ஒரு மாணவி. மற்றவர்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஏலம் கூறினார்கள்.

“அரைக் கிலோ. சில வேளை அதுவும் இராது” என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. அறுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள பறவை, ஒரு பொதி சீனியில் பாதி நிறைதானா? “உங்களுக்கு எப்படித் தெரியும், சேர்? நிறுத்துப் பார்த்தீர்களா?” என்று அந்த மாணவி கேட்டாள். “பிறகு சொல்கிறேன்” என்று கூறி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன்.

சின்ன வெண்கொக்கின் நிறை அவ்வளவுதான். நம் கண்ணுக்குத் தெரிகின்ற உருவத்தில் பெரும்பங்கு இறகு. இறகுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. பறவையின் என்புகள் உள்ளீடற்றவை, ஆகவே அது இலேசாயிருக்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். இது பாதி உண்மையே. பல என்புகள் குழாய்போல உள்ளே வெறுமையாக இருப்பது மெய்; ஆனால் அவற்றின் சுவர் முலையூட்டிகளின் என்பைவிட அடர்த்தியானது. மூங்கில் எப்படி வெறுமையாகவும் உறுதியாகவும் இருக்கிறதோ அப்படியே இதுவும். உடலின் மொத்த நிறையோடு ஒப்பிட்டால், பறவையின் என்புக்கூடு அதே அளவுள்ள முலையூட்டியின் என்புக்கூட்டைவிடப் பெரிதும் குறைந்ததன்று என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

அப்படியானால் சிக்கனம் எங்கே? தூர வழி நடப்பவன் மூட்டையிலிருந்து வேண்டாத பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல, பறவையின் உடல் பலவற்றைக் கழித்துவிட்டது. பல் இல்லை, பல்லைத் தாங்கும் கனத்த தாடையும் இல்லை. அரைக்கும் வேலையை உடலின் நடுவே அமைந்த தசைப்பற்றுள்ள இரைப்பை செய்கிறது. சிறுநீர்ப்பை இல்லை, கழிவு நீராக அன்றி வெண்மையான கூழாக வெளியேறுகிறது. பெரும்பாலான பெண்பறவைகளில் இடப்பக்கச் சூலகம் ஒன்றே வளர்ச்சியடைகிறது. அதுவும் முட்டையிடும் பருவம் கழிந்ததும் சுருங்கிவிடுகிறது.

பின்னோக்கி மடியும் ‘முழங்கால்’

நாம் பார்த்துக்கொண்டிருந்த கொக்குகளுள் ஒன்று மெல்ல ஓரடி எடுத்து வைத்தது. அதன் ‘முழங்கால்’ நம்முடையதைப் போலன்றிப் பின்னோக்கி மடிந்தது. மாணவர் சிரித்தனர். ஆனால் அது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்து, நம்முடையதைப் போலவே மடிகிறது. அதாவது, கொக்கு நிற்பது பாதத்தில் அன்று, விரல்களில். நாம் கால் என்று காண்பதில் பாதியளவு அதன் பாதமே.

ஒற்றைக்காலில் நிற்கும் விந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பூநாரைகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். உயிரற்ற பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்தது. இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை. ஒற்றைக்காலில் நிற்கும்போது மூட்டுகள் தாமாகவே பொருந்திக்கொள்கின்றன; தசைக்கு வேலை மிகக் குறைவு. நமக்குத் தவமாகத் தோன்றுவது அதற்கு ஓய்வு!

திருக்குறளில் காலமறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் கொக்கு உவமையாக வருவதை மாணவர் அறிவர். காத்திருந்து குத்தும் அந்தக் கணத்தை அன்று நேரிலே கண்டோம். கொக்கின் கழுத்தில் ஆறாவது என்பு மற்றவற்றினும் வேறுபட்ட அமைப்புடையது. அதனாலேயே கழுத்து ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல வளைந்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்பென நீள்கிறது. நீருக்குள் இருக்கும் மீன், ஒளிமுறிவினால், தான் இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றும். கொக்கு இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டே குத்துகிறது என்பதைக் கடலோரக் கொக்குகளைக் கொண்டு செய்த சோதனைகள் காட்டியுள்ளன. பௌதிகவியல் வினாத்தாளில் இக்கணக்கிற்கு விடை காண நம் மாணவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும்.

பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொண்டு போனால் கொக்கு. நீட்டிக்கொண்டு போனால் நாரை. இந்த ஓர் அடையாளத்தைச் சிறுவரும் எளிதில் நினைவில் வைக்கலாம். இன்னொன்று: படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையின் பெயரில் கொக்கு இல்லை. அது கொக்கட்டி மரத்தால் வந்த பெயர். என் மாணவருள் நால்வர் அன்றுவரை கொக்கென்றே நினைத்திருந்தனர்.

மூடாத அலகு

வரம்போரமாகச் சற்று நடந்தபோது வேறொரு பறவையைக் கண்டோம். சாம்பல் கலந்த வெண்ணிறம். சிறகின் ஓரம் கறுப்பு. அலகை இறுக மூடியிருந்தும் இடையே ஒரு வெளி தெரிந்தது. பாக்குவெட்டியின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளி போன்றது அது. இதுவே நத்தைகொத்தி நாரை.

அந்த இடைவெளி எதற்கு? பாக்குவெட்டி பாக்கை நசுக்குவதுபோல நத்தையின் ஓட்டை நசுக்குவதற்கு என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். கூர்ந்து கவனித்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். நாரை பெரும்பாலும் ஓட்டை உடைப்பதே இல்லை. மேலலகால் நத்தையை நிலத்தோடு அழுத்திக்கொண்டு, கத்திபோன்ற கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, உடலை மட்டும் வெளியே இழுத்துவிடுகிறது. வரம்பில் கிடந்த நத்தை ஓடுகளை மாணவர் பொறுக்கிப் பார்த்தனர். அவற்றுட் பல உடையாத ஓடுகள். குஞ்சு பொரிக்கும்போது இந்த இடைவெளி அலகில் இல்லை. வளர வளரவே உண்டாகிறது என்பது மற்றொரு புதுமை.

நெற்பயிரைத் தின்னும் நத்தைகளை இந்நாரை உண்கிறது. கூலி கேளாத இந்த வேலையாளின் உணவில் நாம்தான் நஞ்சு தெளிக்கிறோம். இதனை வயலுடையோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வந்து தங்கிய விருந்தினர்

நீர் வடிந்த சேற்றுத் திடலில் உள்ளான்கள் கூட்டமாக ஓடியாடி இரை தேடின. இவை நம் நாட்டில் முட்டையிடுபவை அல்ல. வடக்கே பனி கொட்டும் காலத்தில் இமயத்துக்கும் அப்பாலிருந்து புறப்பட்டுத் தெற்கே வருகின்றன. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று அறிஞர் அழைக்கும் வழியின் தென்முனை நம் இலங்கை. இதற்கப்பால் அண்டார்ட்டிக்கா வரையில் பெருங்கடலே. ஆதலால் இங்குள்ள சேற்றுத்திடல் அவற்றுக்கு இடைத்தங்கல் மடமன்று, பயணத்தின் எல்லை.

உள்ளானின் அலகு நுனி வெறும் கொம்பன்று. உணர்ச்சி நரம்பின் முனைகள் அதிலே நிறைந்துள்ளன. கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள்ளே ‘தொட்டுப் பார்த்து’ எடுக்கிறது. நீளமான அலகுடையது ஆழத்திலும், குறுகிய அலகுடையது மேற்பரப்பிலும் தேடுவதால் ஒரே திடலில் பல வகையும் சண்டையின்றி உண்கின்றன.

இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பயணத்தை மாணவருக்குக் கூறினேன். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பிறந்து சில மாதங்களே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று வட அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் இறங்கியது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி செய்மதிக்கு அனுப்பிய செய்தியின்படி, தூரம் 13,560 கிலோமீற்றர். காலம் 11 நாள். நடுவில் எங்கும் இறங்கவில்லை, உண்ணவில்லை, நீர் அருந்தவில்லை. கொழும்பு–மட்டக்களப்பு வீதியை நாற்பது தடவைக்கு மேல் ஒரே மூச்சில் ஓடுவதற்கு இது சமம்.

இது எவ்வாறு இயலும்? புறப்படுமுன் இப்பறவைகள் உடல் முழுதும் கொழுப்பைச் சேர்க்கின்றன. அதே வேளையில் வழியிலே பயன்படாத இரைப்பையும் குடலும் சுருங்குகின்றன. போய்ச் சேர்ந்தபின் மீண்டும் வளர்கின்றன. அடுப்படியைப் பிரித்து வைத்துவிட்டு யாத்திரை போகிறவரை நாம் கண்டதுண்டா?

சிறகை விரித்த நீர்க்காகம்

எட்டு மணியளவில் ஒரு பெரியவர் தம் தோணியில் எங்களை ஏற்றிக்கொண்டார். அவர் முன்னிரவில் விரித்த வலையை எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தோணி சிறிது, ஆகையால் மூவர் மூவராகச் சென்றோம். பெரியவர் சவளைப் போடும் ஓசையன்றி வேறு ஓசையில்லை.

கண்டல் மரக் கொம்புகளில் நீர்க்காகங்கள் இரு சிறகையும் அகல விரித்து, தோய்த்த வேட்டியை உலர்த்துபவர்போல நின்றன. “சேர், நீர்ப்பறவையின் இறகு நனையாதே? இது ஏன் காயவைக்கிறது?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி கிடையாது என்று சிலர் எழுதிவிட்டனர், அது தவறு. சுரப்பி உண்டு. வேறுபாடு இறகின் அமைப்பில் உள்ளது. இறகின் வெளியோரம் நீரை ஏற்கும், உட்பகுதி ஏற்காது. வெளிப்புறம் நனைவதால் இறகினுள் சிக்கிய காற்று குறைந்து, பறவை மிதக்காமல் எளிதில் மூழ்குகிறது. உட்புறம் நனையாததால் உடல் குளிர்வதில்லை. நனைவதே அதற்கு அனுகூலம். அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்த வெயில் காய்தல்.

“அது என்ர மீனைத் திண்டுபோட்டு ஆறுதலா வெயில் காயுது, தம்பி” என்றார் பெரியவர். அவரது விளக்கமும் பிழையானதன்று.

ஒரே திடலில் இரு உறவினர்

பெரியவர் திடீரெனச் சவளை நிறுத்திக் கையைக் காட்டினார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் சேற்றுத் திடலில் முதலையொன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. அதிலிருந்து நாலு முழத் தூரத்தில் ஒரு கொக்கு, அச்சமேதுமின்றி நின்றது. எங்கள் வாவியில் முதலை உண்டென்பது யாவரும் அறிந்ததே. இருந்தாலும் மாணவர் தோணியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டனர்.

“இந்த முதலைக்கு நெருங்கிய உறவினர் யார்? உடும்பா, கொக்கா?” என்று கேட்டேன்.

“உடும்பு” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். செதில், வால், நான்கு கால், தவழும் நடை: எல்லாம் உடும்பைப் போலத்தானே! ஆனால் விடை கொக்கு. முதலைக்கும் பறவைக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்தது. உடும்பும் பல்லியும் அதற்கும் முன்பே வேறு கிளையாகப் பிரிந்துவிட்டன. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளுள் முதலைக்கு மிக நெருங்கிய சுற்றம் பறவைகளே.

அடையாளங்களைப் பாருங்கள். முதலைக்கும் பறவைக்கும் இதயம் நான்கு அறையுடையது; உடும்புக்கு அப்படியன்று. முதலையும் கூடு கட்டி முட்டையிட்டுக் காவல் காக்கிறது. பொரிக்கும் வேளையில் குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க, தாய் வந்து மண்ணைக் கிளறி வெளியே எடுக்கிறது. கோழிக்குஞ்சும் ஓட்டை உடைக்குமுன் உள்ளிருந்து கூவுவதைக் கோழி வளர்க்கும் தாய்மார் கேட்டிருப்பர்.

மூச்சிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்புகிறது. ஆகவே பழைய காற்றும் புதிய காற்றும் கலந்துவிடுகின்றன. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் இணைந்துள்ளன. உள்ளிழுத்த காற்று முதலில் பின்புறப் பைகளில் தங்கி, பின்பு நுரையீரலினூடே ஒரே திசையில் சென்று, முன்புறப் பைகள் வழியாக வெளியேறுகிறது. ஆகவே மூச்சை விடும்போதும் புதிய காற்றிலிருந்து ஒட்சிசன் கிடைக்கிறது. இது பறப்பதற்கென்றே உண்டான அமைப்பு என்று நெடுநாள் நினைத்திருந்தோம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க முதலையினத்தின் நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் ஓடுவது கண்டறியப்பட்டது. பறக்காத விலங்கிலும் இது இருப்பதால், வானில் எழுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொத்து அக்குலத்துக்கு வந்திருக்க வேண்டும்.

கூர்ப்பின் கதையில் இறகும் அப்படியே. 1859இல் டார்வின் தம் நூலை வெளியிட்ட இரண்டே ஆண்டில், ஜேர்மனியின் சுண்ணக்கற்பாறையில் ஆர்க்கியோப்தெரிக்ஸ் என்னும் உயிரினத்தின் சுவடு கிடைத்தது. 15 கோடி ஆண்டுப் பழமையான அதற்கு இறகும் இருந்தது. பல்லும் நீண்ட என்பு வாலும் இருந்தன. 1996இல் சீனாவில் அறியப்பட்ட சிறு டைனோசர் ஒன்றின் உடலைச் சுற்றி மெல்லிய தூவி காணப்பட்டது. பறக்கவே இயலாத அது, குளிரைத் தாங்கவோ அழகு காட்டவோ தூவியை வளர்த்திருக்க வேண்டும். பறத்தல் பின்னர் வந்தது. 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் டைனோசர்கள் அழிந்தன என்று சொல்கிறோம். ஒரு கிளை அழியவில்லை. அது இன்று நம் முற்றத்தில் கொக்கரிக்கிறது. படுவான்கரைக் காடுகளில் நம் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழியாக ஓடித் திரிகிறது. கோழியின் காலிலுள்ள செதிலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 2006இல், மரபு மாற்றமுற்ற கோழி முளையங்களின் தாடையில் முதலைப் பல்லையொத்த முளைகள் தோன்றியதை ஆய்வாளர் கண்டனர். கோழி மறந்துவிட்ட பல்லை அதன் உடல் முற்றாக மறந்துவிடவில்லை.

முதலை வாயை மூடிக்கொண்டு மெல்ல நீரில் இறங்கிற்று. கொக்கு இரண்டடி விலகி நின்று, மறுபடியும் தன் தவத்தைத் தொடர்ந்தது.

வலையில் அகப்பட்டது

வலை விரித்த இடத்தை அடைந்தோம். பெரியவர் வலையை இழுக்க இழுக்க மீன்கள் வெள்ளிக் காசுபோல மின்னின. பாதி இழுத்தபின் கறுப்பாக ஏதோ துடித்தது. நீர்க்காகம்! மீனைத் துரத்தி வந்து வலையில் அகப்பட்டிருக்கிறது. கழுத்திலும் சிறகிலும் நைலோன் நூல் பலவாறு சுற்றியிருந்தது. அது அகப்பட்டு அதிக நேரம் ஆகியிராது; தலை நீருக்கு மேலே இருந்தமையால் உயிர் தப்பியிருந்தது.

ஒவ்வொரு கண்ணாக விடுவிக்கப் பெரியவர் முயன்றார். முடியவில்லை. நூல் இறுகிக்கொண்டே போயிற்று. வலையை அறுக்க வேண்டும். அல்லது பறவையை அப்படியே விட வேண்டும். அவர் ஒரு கணம் கையில் வலையோடு சும்மா இருந்தார். வலை அவருக்குச் சோறு. நீர்க்காகமோ அந்தச் சோற்றில் பங்கு கேட்கும் பறவை. வாழும் வழியில் இருவரும் ஒரே தொழிலாளர். ஒரே வாவியின் மீனை நம்பியவர்கள். இந்த இடத்தில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாணவரும் பேசவில்லை.

பெரியவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். “கண்ணைக் கொத்தப் பார்க்கும். தலையைப் பின்னால பிடி, மகள்” என்று அருகிலிருந்த மாணவியிடம் கூறினார். அவள் சால்வையால் பறவையின் தலையை மூடிப் பிடித்துக்கொண்டாள். ஏழெட்டு இடத்தில் நூலை அறுத்தார். அறுக்கும்போதெல்லாம், “நாளைக்கும் வந்து என்ர மீனைத்தான் தின்னப்போகுது” என்று கடிந்துகொண்டே இருந்தார்.

சால்வையை விலக்கியதும் நீர்க்காகம் நீரில் விழுந்து, சிறகை அடித்தடித்து ஓடி எழுந்து, கண்டல் மரத்தை நோக்கிப் பறந்தது. வலைக்குரிய பணத்தைக் கொடுக்க முற்பட்டேன். பெரியவர் கையை அசைத்து மறுத்துவிட்டார். “பொத்தல் தைக்கிறதுக்கு இரவு இருக்குது, ஐயா” என்றார். அம்மாணவி மட்டும் தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “சேர், அதன் நெஞ்சு அடித்தது கையில் இன்னும் தெரிகிறது, ஆனால் கையில் பாரமே இருக்கவில்லை” என்றாள்.

நான் சொல்லாது வைத்திருந்தது

பாலத்தருகே மர நிழலில் அமர்ந்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் உண்டோம். அவள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை கூறினேன்.

என் தாயாரின் ஊர் படுவான்கரை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கையில் ஒரு கெற்றப்போல். வயலோரம் நின்ற கொக்கைக் குறிபார்த்துக் கல்லெறிந்தேன். எறிந்த கல் படுமென்று நான் எண்ணவே இல்லை, பட்டுவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். பெரிய பறவை, பாரமாயிருக்கும் என்று இரு கையாலும் பலங்கொண்டு தூக்கினேன். அது ஒரு தலையணைப் பஞ்சுபோல எழுந்து என் முகத்தருகே வந்துவிட்டது. ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்ற திகில் எனக்குள் எழுந்தது. கழுத்து என் முழங்கையின்மேல் தொங்கிற்று. கண் திறந்தேயிருந்தது. அம்மாச்சி கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை, அடிக்கவும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். நானே குழி தோண்டிப் புதைத்தேன். கெற்றப்போலை அன்றே அடுப்பில் போட்டேன்.

பின்னாளில் கல்லூரி நூலகத்தில், ஜோர்ஜ் மொரிசன் ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூலைக் கண்டபோது, முதலில் தேடிய பக்கம் கொக்கின் பக்கமே. அதன் நிறை ஏன் அவ்வளவு குறைவு என்று அறிய வேண்டுமென்ற ஆசைதான் என்னை உயிரியல் ஆசிரியனாக்கிற்று என்று சொன்னால் மிகையன்று. ஒரு கல் ஒரு கணத்தில் அழித்ததை ஆக்குவதற்குக் காலம் 15 கோடி ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டு வேண்டியிருந்தது.

மாணவர் சிறிது நேரம் அமைதியாயிருந்தனர். பிறகு ஒருவன் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அன்று கண்ட பறவைகளின் பெயரை எண்ணினான். பதினேழு. காலையில் அவனுக்குத் தெரிந்திருந்தவை காகம், கொக்கு, மைனா, கிளி என்ற நான்கே.

இதைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். படுவான்கரைக்கு வர இயலாதவர்கள் தம் ஊர்க் குளக்கரைக்குப் போகலாம். அதுவும் இயலாதவர்கள் தம் வீட்டு முற்றத்தில் நிற்கலாம். ஓர் அரை மணி நேரம் அசையாமல் நின்று ஒரே பறவையைக் கவனியுங்கள். அதன் கால் எங்கே மடிகிறது, அலகு எதற்கு அவ்வடிவம், அது எதனை உண்கிறது என்று எழுதி வையுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: கண்டல் மரத்தை வெட்டாமலும், வாவியோரச் சேற்றை ‘வீண் நிலம்’ என்று மண் போட்டு நிரப்பாமலும், அறுந்த நைலோன் வலையை நீரில் எறியாமலும் இருந்தால், இந்த விருந்தினரும் உறவினரும் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வருவார்கள்.

திரும்பும்போது பாலத்தின்மேல் சற்று நின்றோம். தூரத்துக் கண்டல் கொம்பில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நீர்க்காகம்தானா என்று மாணவர் கேட்டனர். இருக்கலாம் என்றேன்.